மேட்டுத் தோப்பின் அறுபது மரங்கள்

நாப்லுஸ் பக்கத்து அந்த ஊரில் ஹியாமின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவள் புருஷன் முந்திர். இன்னொருவன் மலைமேல் இருக்கும் யூதக் குடியேற்றத்தின் காவல்காரன் எல்கானா. முந்திர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. எல்கானா துப்பாக்கியும் கையுமாக இன்னும் அங்கேதான் நிற்கிறான். நல்லவர்களைத்தான் ஆண்டவன் முதலில் கூப்பிடுவான், வேறென்ன.

பதினெட்டு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஐந்து பெற்று ஒன்றைப் பறிகொடுத்தாள். மூத்தவன் பெயரை வைத்து, லபீபின் அம்மா என்ற அர்த்தத்தில், ஊருக்கு அவள் உம்மு லபீப். மாமனார் பாகம் பிரித்தபோது மேட்டுத் தோப்பில் முந்திருக்கு அறுபது ஒலிவ மரம், ஒட்டினாற்போல் கொழுந்தன் நாயிஃபுக்கு நாற்பது. பிறகு குடியேற்றத்தின் வேலி சரிவில் இறங்கி வந்து தோப்பை அப்படியே விழுங்கிக்கொண்டது. அதிலிருந்து, உள்ளே போக வேண்டுமானால் ராணுவத்திடம் பெயர் கொடுக்க வேண்டும். வசந்தத்தில் உழுவதற்கு இரண்டு நாள், அக்டோபரில் காய் பறிக்க இரண்டு நாள். அந்த நாலு நாளுக்குத்தான் கதவு திறக்கும்.

நாயிஃப் பெயர் கொடுத்தான். முந்திர் கொடுக்கவில்லை. "என் வீட்டுக்குள்ள நான் போக, திருடன்கிட்ட அனுமதி கேக்கணுமா?" என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான். ஊரே ஆமாம் போட்டது. ஆமாம் போடுவதற்கு என்ன செலவு? அந்தக் குளிர்காலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் விட்டுப்போன அந்த வார்த்தையை ஹியாம் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தனோடு பேச்சை அறுத்தாள். அவன் வந்து தட்டினால் கதவு திறக்காது. யார் மூலமாவது சேதி அனுப்பினால், அனுமதி வாங்கியவன் சேதி எனக்கு எதற்கு என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள். தோப்பில் புல் இடுப்புயரம் ஏறியது. காய் உதிர்ந்து மண்ணோடு மண்ணாகப் போயிற்று. மானம் பெரிதா, எண்ணெய் பெரிதா என்று கேட்டுத் திரிந்தாள்.

இந்தச் செப்டம்பரில் பஞ்சாயத்துக்கு ஒரு வழக்கறிஞர் வந்தார். மூன்று வருஷம் உழாமல் போட்ட நிலத்தை அரசு நிலம் என்று அறிவித்துவிடலாம், இந்த மண்ணைத் துருக்கிக்காரன் ஆண்ட காலத்துச் சட்டம் இன்னும் சாகவில்லை என்றார். உடனே போய்க் கால் வையுங்கள் என்றார். ஹியாம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பட்டியலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பறிப்பு நாளன்று காலை ஏழு மணிக்கு வேலிக்கதவில் எல்கானா நின்றான். அரபு நன்றாகப் பேசுவான். கீழே போகும் சாலையில்தான் அவன் தம்பியைப் பாலஸ்தீன ஆயுதக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவளுடைய நாலாவது பிள்ளை செத்தது சோதனைச் சாவடியில், இஸ்ரேல் சிப்பாய் சுட்டு. ஒருவர் துக்கம் இன்னொருவருக்குத் தெரியும். ஒருவருக்காக ஒருவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, விடப் போவதுமில்லை.

"இந்த மலை மூவாயிரம் வருஷமா எங்களது. நீ விருந்தாளி, பாத்துப் பறி" என்றான்.

"மூவாயிரம் வருஷத்துல ஒரு மரமாவது நட்டியாடா? இது என் மாமனார் கையால வெச்சது."

"உன் மாமனாரோட சொந்தக்காரங்கதான் இருபத்தொம்பதாம் வருஷக் கலவரத்துல ஹெப்ரோன்ல எங்க தாத்தா வீட்டைக் கொளுத்தினாங்க."

"அவரு ஹெப்ரோனைக் கண்ணால பாத்ததில்ல. நாப்பத்தெட்டுல எங்களை ஊரை விட்டுத் துரத்திட்டு, லித்தாவுல எங்க அப்பா வீட்டை யார் எடுத்துக்கிட்டாங்க, அதையும் சொல்லு."

எல்கானா சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "அவ்வளவு ஆசைன்னா இத்தனை வருஷமா எங்க போயிருந்தே? சரி, பட்டியல்ல பேர் இருக்கு. போய்ப் பாரு."

ஹியாம் புல்லை விலக்கிக்கொண்டு போனாள். முதல் மரத்தடியில் ஒரு கல். கல்லுக்கடியில் வெயிலில் பழுத்த ஒரு காகிதம். ஹீப்ருவுக்குக் கீழே அரபியிலும் இருந்தது. இந்த நிலம் அரசு நிலம். ஆட்சேபணை இருந்தால் நாற்பத்தைந்து நாளைக்குள் தெரிவிக்கவும். தேதி, ஏப்ரல் ஆறு. கெடு மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. ராணுவத்தின் வழக்கம் அது. வீட்டுக்குக் கொண்டுவந்து தர மாட்டார்கள், நிலத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். சொந்தக்காரன் நிலத்துக்கு வராமலா இருப்பான்?

காகிதத்தை எடுத்துக்கொண்டு நாயிஃபின் மரத்தடிக்கு நடந்தாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

நாயிஃப் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். "ஏப்ரல்ல உழ வந்தப்பப் பாத்தேன். மூணு தடவை உங்க கதவைத் தட்டினேன், உம்மு லபீப். வழக்குப் போட உங்க கையெழுத்து வேணும்னாங்க. பள்ளிவாசல் இமாமைக்கூட அனுப்பினேன்."

இமாம் வந்தது உண்மை. நாயிஃப் என்று அவர் வாயெடுத்ததுமே கதவைச் சாத்தியவள் அவள்தான்.

வேலியில் நின்றவனுக்கு, ராணுவத்துக்கு, சட்டம் போட்ட துருக்கிக்காரனுக்கு, எல்லாருக்கும் ஏழு தலைமுறைக்குப் போதுமான சாபம் அவளிடம் இருந்தது. கொழுந்தனுக்கென்று அதில் ஒன்றுகூட இல்லை.

"வர்ற வசந்தத்துல உழறதுக்கு நான் பேர் குடுத்தா?" என்று கேட்டாள்.

நாயிஃப் தரையைப் பார்த்தான். "என் நாப்பது மரத்துக்கு மட்டும்தான் குடுக்கலாம்" என்றான்.