அத்திமரத்து நிறுத்தம் தாண்டி

நேற்று மாலை ஐந்தே முக்கால் ஆகியும் மகன் வீட்டுக்கு வரவில்லை. அலுவலகத்திலிருந்து வந்தவள் தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. அவனுக்கு மறுபடியும் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மிகுந்த பொறுமையோடு சொன்னது. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை போலிருக்கிறது.

வேலூரில் பகல் காட்சி பார்க்க நண்பர்களோடு போனவன். படம் முடிந்து பஸ் பிடித்து ஐந்தரைக்கெல்லாம் கணியம்பாடியில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கவலைப்படுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அடுப்பில் பால் பொங்குவதற்குள் ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாவற்றையும் மனதுக்குள் பார்த்து முடித்துவிடுவேன். நேற்றும் பார்த்தேன். பாலும் பொங்கி வழிந்தது.

விளக்கு வைத்த பிறகு வந்தான். செருப்பைக் கழற்றியபடியே, "சார்ஜ் தீந்துடுச்சும்மா" என்றான். "அதோட, கடைசியில பேரெல்லாம் ஓடி முடிஞ்சதும் ஒரு துண்டு சீன் போடுவாங்கல்ல, அதுக்காக உக்காந்துட்டோம். பஸ் போய்டுச்சு. நீதானே சொல்லிக் குடுத்த, அத பாக்காம எழுந்திருக்கக் கூடாதுன்னு?"

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பறக்கிறவன், சுவரேறுகிறவன், இடியைக் கையில் பிடிக்கிறவன் என்று எந்தப் படம் வந்தாலும் மகனைச் சாக்காக வைத்து முதல் ஆளாகப் போய் உட்காருகிறவள் நான். தியேட்டரைப் பெருக்க வருகிறவர் துடைப்பத்தோடு காத்திருக்கும்போதும் எழுந்திருக்க மாட்டேன். அதனால் திட்டவும் முடியவில்லை. அவனைப் பிடித்து இழுத்துத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். "இன்னாம்மா இது" என்று நெளிந்தான். சட்டையில் மழை ஈரமும் டீசல் வாசனையும். அந்த வாசனை என்னை ஆலங்காயத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகும் பஸ்ஸில் என் நைனா கண்டக்டர். அம்மா நான் பேசப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் நானும் நைனாவும்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து உலை வைப்பார். என்னைக் கால்களுக்கு நடுவே உட்காரவைத்துச் சடை பின்னுவார். டிக்கெட் கிழிக்கிற வேகம்தான் அதிலும். இரண்டு சடையும் ஒரே உயரத்தில் இருந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், "உங்க வூட்டுச் சீப்பு குடிச்சிருக்குதா?" என்று கேட்பார். நைனாவிடம் சொன்னால், "மலப் பாதைல நேர்வகிடு எடுக்க முடியுமா பாப்பா?" என்பார்.

பள்ளி விட்டதும் பஸ் நிற்கும் இடத்தில் இருந்த கமலக்காவின் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஐந்தே முக்காலுக்கு மலையிலிருந்து கடைசி வண்டி இறங்கும். முதலில் இரைச்சல் கேட்கும், அப்புறம் பலாப்பழ வாசனை வரும், அதற்கும் பிறகுதான் பஸ் கண்ணில் படும். கூரையில் புளி மூட்டை, சாமை மூட்டை, கால் கட்டிய கோழிகள். படியில் தொங்கிக்கொண்டு நைனா. காதில் பென்சில்.

அந்தப் பென்சில் டிக்கெட் கணக்குக்கு மட்டுமல்ல. நைனா கதை எழுதுவார். மேலே வண்டி நிற்கிற நேரத்தில், காலி சீட்டில், சில சமயம் ஓடுகிற வண்டியிலேயே கம்பியில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றபடி எழுதுவார். எழுத்தின் சாய்வைப் பார்த்தே இந்த வரி எந்த வளைவில் எழுதியது என்று நான் சொல்லிவிடுவேன். எழுதியதைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். எதுவும் வந்ததில்லை. அதைப் பற்றி அவர் பெரிதாக வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை. அவருக்கு வேறு வாசகர்கள் இருந்தார்கள்.

அந்த வாசகர்கள் உருவாக ஒரு படம் காரணம். எண்பதுகளின் தொடக்கம். ஆலங்காயத்து டென்ட் கொட்டகையில் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டார்கள். முதுகில் போர்வை கட்டிக்கொண்டு ஒருவன் ஆகாயத்தில் பறக்கிறான். படம் முழுக்க இங்கிலீஷ். நைனாவுக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் ரைட், ஓல்டான். ஓய்வு நாளில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொன்னார். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து வேறு கதை சொன்னார். பேச்சுப் புரியாததால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுப்படமாகவே இருந்திருக்கிறது. பல வருடம் கழித்து அந்தப் படத்தை முழுவதும் புரிந்து பார்த்தேன். நைனா சொன்னதில் பாதி அதில் இல்லை. எனக்கு ஏமாற்றம்தான், படத்தின் மேல்.

மலையில் சந்தை நாளன்று கடைசி வண்டி நிறைந்து வழியும். சந்தை முடித்து, வழியில் இருக்கிற அவரவர் ஊருக்குத் திரும்புகிற மலைக் குடியானவர்கள். அந்தக் கூட்டத்துக்கு நைனா பறக்கிறவன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சும்மா அல்ல, தொடர்கதையாக. போன சந்தையில் விட்ட இடத்தை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். ஓரிரு முறை நானும் அந்த வண்டியில் வந்திருக்கிறேன்.

"இன்னா கண்டக்டரே, ஜட்டிய வெளிய போட்டுகினு பறக்கறானே, மானம் போவாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"மேல பறக்கறவன் ஏன் பெரியவரே கவலப்படணும்? கீழ நின்னு பாக்கற நீதான் வெக்கப்படணும்."

வண்டி குலுங்கியதில் பாதி, சிரிப்பினால்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பாதி மலை இறங்கினால் அத்திமரத்து நிறுத்தம். பலருக்கு இறங்க வேண்டிய இடம் அதுதான். அன்றைய கதை அங்கே முடியாது. கதை ஓடுகிற வேகம் ஒன்று, பஸ் ஓடுகிற வேகம் ஒன்று. அதனால் அத்திமரத்து ஆட்கள் இறங்க மாட்டார்கள். மூட்டையை மடியில் வைத்தபடி அடுத்த நிறுத்தம், அதற்கடுத்த நிறுத்தம் என்று கதை முடிகிற இடம் வரை வந்துவிட்டு, இறங்கி, தலையில் மூட்டையோடு மலையேறி ஊருக்கு நடப்பார்கள். நைனாவும் ஒழுங்காகக் கூடுதல் தூரத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். இதில் முதல் ஆள் பொன்னியக்கா. புளியும் சாமையும் விற்க வருகிறவள். உருண்டையான முகம், கரகரத்த குரல்.

ஒருமுறை டிக்கெட் பரிசோதிக்கிற செக்கிங் ஏறினார். பொன்னியக்காவின் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "உங்க ஊரு போய்டுச்சேம்மா, ஏன் எறங்கல?" என்றார்.

"அந்த ஆளு பாறைக்கு அடியில மாட்டிகினு கீறான் சார். அவன அப்டியே வுட்டுட்டு எப்டி எறங்கறது?"

செக்கிங் நைனாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "எந்தப் பாறை?" என்று கேட்டார். அவரும் ஆலங்காயம் வரை வந்தார்.

கதையில் ஒரு விதி உண்டு. அது நான் கேட்டு வந்தது. ஒரு காலையில் சடை பின்னும்போது, "நைனா, அவன் எங்க வேணா பறப்பானா?" என்று கேட்டேன். நைனா ரிப்பனைப் பல்லில் கடித்தபடி கொஞ்சம் யோசித்தார்.

"இல்ல பாப்பா. யாருனா அவனுக்காக காத்துகினு கீற எடத்துக்குத்தான் பறக்க முடியும். யாரும் காத்துகினு இல்லாத எடத்துக்கு நம்மள மாதிரி நடந்துதான் போவணும்."

அந்தச் சந்தையிலேயே விதி கதைக்குள் போய்விட்டது. நானும் இப்போது கதை எழுதுகிறேன். அலுவலகம் முடிந்து, சமையல் முடிந்து, மகனின் கணக்குப் பாடத்தோடு சண்டை முடிந்து, மிச்சமிருக்கிற தூக்கத்தில் எழுதுகிறேன். சிறுவர் பத்திரிகைகளில் சில வந்தும் இருக்கின்றன. எத்தனை எழுதினாலும் அந்த ஒரு விதிக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு ஒன்று அகப்படவில்லை.

அன்றைக்கும் சந்தை நாள்தான். பறக்கிறவன் படம் இரண்டாம் முறையாகக் கொட்டகைக்கு வந்து, அதுவும் கடைசி நாள். எனக்கு வயது போதும், இங்கிலீஷ் படம் தாங்குவேன் என்று நைனா முடிவு செய்திருந்தார். "சாயங்காலம் வண்டி வந்ததும் நேரா கொட்டாய்க்கு. மொகத்த கழுவிகினு ரெடியா இரு." நான் மத்தியானமே முகம் கழுவிவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலை காணாமல் போனது. அங்கே இருந்தது முழுக்க மழை.

ஐந்தே முக்கால் ஆயிற்று. இரைச்சல் வரவில்லை. கமலக்கா எனக்கு டீயில் தோய்த்துத் தின்கிற பொறை ஒன்று கொடுத்தாள். பொறை தீர்ந்தது. மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு லாரிக்காரர் டீ கேட்டுவிட்டு, "மேல பெரிய மரம் சாஞ்சிட்சாம். மண்ணும் சரிஞ்சுகினு வருது. பஸ்ஸு ஒண்ணு உருண்டுட்சுன்றாங்க" என்றார்.

"உன் வாயில அந்த மண்ணையே போட" என்றாள் கமலக்கா. "கொழந்த உக்காந்துகினு கீது தெரில? பாத்தியா நீ? பாக்காதத ஏன் பேசற?"

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கமலக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடையில் ஆள் இருக்கும்போது அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதில்தான் எனக்குப் பயம் வந்தது.

கொட்டகை ஒலிபெருக்கியில் சாமி பாட்டு ஆரம்பித்தது. அந்தப் பாட்டுப் போட்டால் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். பாட்டு முடியும்வரை மலைப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டு முடிந்து ஒலிபெருக்கி நின்றது. படம் போட்டுவிட்டார்கள். காற்றில் இங்கிலீஷ் பேச்சு விட்டு விட்டு வந்தது. எனக்கு அதுவரை படம் போய்விடுமே என்றுதான் இருந்தது. அந்த நிமிடத்தில் படம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. வண்டி வந்தால் போதும். வண்டிகூட வேண்டாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். முக்கியமான இடத்தில் நிறுத்துவது எங்கள் குடும்ப வழக்கம். அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று ஒரு கல்யாண மண்டபம். கமலக்காவின் கடை சாலை அகலமானபோது போனது. மலைக்கு இப்போதும் பஸ் போகிறது. போன வருடம் ஒருமுறை ஏறினேன். எல்லாரும் காதில் எதையோ செருகிக்கொண்டு அவரவர் கதையைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அத்திமரத்தில் இறங்க வேண்டியவர்கள் அத்திமரத்திலேயே இறங்கினார்கள். மரம் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. நைனாவும் இல்லை. சாய்ந்த எழுத்தில் அவர் எழுதிய தாள்களை வீடு மாற்றும்போதெல்லாம் தேடியிருக்கிறேன். கரையான் தின்றதோ, பொட்டலம் மடிக்கப் போனதோ. நேற்று மகனுக்காக வாசலில் நின்றபோதுதான் ஒன்று தோன்றியது. அந்த விதியை அவர் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. படியில் தொங்கியபடி ஆலங்காயத்துக்குள் நுழையும்போது, டீக்கடை பெஞ்சில் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கொட்டகையில் இடைவேளை விட்டு, சோடா விற்கிற சத்தம் கேட்டபோது மலைப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். வண்டியில் அல்ல, நடந்து. சிலர்தான். முழங்கால் வரை செம்மண், தலையில் சாக்கு. முன்னால் வந்த உருவம் என் எதிரே நின்று சாக்கை விலக்கியது. பொன்னியக்கா. அத்திமரத்தில் இறங்கி எப்போதோ வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டியிருக்க வேண்டியவள்.

"உங்க நைனா நல்லா கீறாரு" என்றாள் முதலில். மூச்சு வாங்கினாள். "பஸ்ஸும் நல்லா கீது. முன்னாடி மரம் வுழுந்து வழிய அடச்சிகிச்சு. வண்டிய வுட்டு வரக்கூடாதாம், நடக்க முடியாத கெழவங்களும் உள்ள கீறாங்க. விடிஞ்சதும் மரத்த வெட்டிட்டு வந்துடுவாரு. பாப்பா தனியா உக்காந்துகினு இருக்கும், யாருனா போய் சொல்லுங்கன்னாரு. நாங்க குறுக்குப் பாதையில எறங்கி வந்தோம்."

கமலக்கா என் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. பொன்னியக்கா என் எதிரே ஈரத்தோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்களும் நெருங்கி நின்றார்கள். அவள் கரகரத்த குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்க நைனா கதைய பாதியில நிறுத்திட்டாரு பாப்பா. அந்த ஆளு மழையில மல உச்சியில நிக்கறான். கீழ எறங்கணும். அவனுக்காக கீழ யாருனா காத்துகினு கீறாங்களான்னு தெரில. மீதி பாப்பாவுக்குத்தான் தெரியும், அதுகிட்ட கேளுங்கன்னு சொல்லி அனுப்பினாரு. நீ சொல்லு. கீறாங்களா?"