கோடுகள் சேரும் இடத்தில் அப்பா

துணி துவைக்கும் சோப்புத் துண்டால் சன்னல் கண்ணாடியில் கோடு இழுத்தால் வழுவழுவென்று போகும். விரலில் ஒட்டிக்கொண்ட அந்த வாசனை சோறு தின்ற பிறகும் லேசில் விடாது. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்த காலத்தில், தெருவைப் பார்த்த அந்தச் சன்னல்தான் எனக்குப் படம் வரையும் தாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா எங்கள் சொந்த ஊரான கௌதள்ளியில் மக்காச்சோளமும் மஞ்சளும் போட்டுக்கொண்டு, சனிக்கிழமையானால் பஸ் ஏறி எங்களைப் பார்க்க வருவார். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். அவர் எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

பள்ளியில் டிராயிங் வகுப்பின்போது கரும்பலகை நடுவே ஒரு புள்ளி வைத்து, தெருவின் இரண்டு ஓரங்களும் அங்கே போய்ச் சேரும் என்றார்கள். நான் நம்பவில்லை. எங்கள் தெருக்கோடியில் பூக்கடை இருந்தது, அதன் முன்னால் ஆட்டோக்கள் தாராளமாகத் திரும்பின. ஓரங்கள் சேர்ந்துவிட்டால் அவை எப்படிப் போகும்? பொய்யென்று நிரூபிக்கத்தான் சோப்பைக் கையில் எடுத்தேன். ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த கூரை விளிம்பு, மின்கம்பி, சாக்கடையோரம் எல்லாவற்றின் மேலும் கோடு இழுத்துக்கொண்டே போனால், அத்தனையும் பூக்கடைக்குச் சற்று மேலே போய்க் குவிந்தன. முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு கிறக்கம் வந்துவிட்டது. “ஒத்தக் கண்ண மூடிட்டு நிக்காத, ‘சும்னே’ உக்காரு” என்று அம்மா கன்னடத்தையும் கலந்து அதட்டுவாள்.

அப்பா அந்தக் குவியலுக்குள்ளிருந்துதான் வருவார். முதலில் ஒரு வெள்ளைப் பொட்டாக வேட்டி, அப்புறம் தோளில் மூட்டை, அப்புறம் மீசை. கண்ணாடியில் கையை வைத்து அளந்தால் நகத்தளவு, விரலளவு, கையளவு என்று வளர்ந்துகொண்டே வந்து, சன்னலுக்கு நேர்கீழே குனிந்து செருப்பைக் கழற்றுவார். நானே அவரை வரைந்து வரைந்து கொண்டுவந்து சேர்ப்பதாக எனக்குத் தோன்றும்.

தசரா விடுமுறையில் ‘எங்கள் குடும்பம்’ என்று ஒரு படம் வரைந்து வரச் சொன்னார்கள். முன்னால் அம்மாவும் நானும், நடுத்தெருவில் படுத்திருக்கும் மாடு, தெருக்கோடியில் நகத்தளவுக்கு அப்பா. வந்திருந்த அப்பாவிடம் பெருமையாக நீட்டினேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, நான் மாட்டுக் கொம்பளவு கூட இல்லியா? நம்மூருக் கோயில் செவுத்துல முனியப்பனப் பாத்திருக்கறயில்ல? மரத்தவிடப் பெருசா நிப்பாரு. பெரியவங்களப் பெருசாத்தான் போடோணும்.”

“நீங்க சின்னவரு இல்லீங்கப்பா. தூரமா இருக்கறீங்க, அதான்.”

நான் சொன்னது வகுப்பில் படித்த விதியைத்தான். அப்பா தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறுவடை முடிந்ததும் நிலத்தைச் சித்தப்பாவிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு அப்பா வந்து சேர்ந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. தோள் தொங்கும் காக்கிச் சட்டை கொடுத்தார்கள். ஊரில் அவரைக் கண்டால் பீடியை மறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இங்கே ஹாரன் சத்தம் கேட்டால் அவர் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். பக்கத்தில் வந்தால் பெரிதாகத் தெரிய வேண்டும், அதுதானே விதி? என் அப்பா மட்டும் பக்கத்தில் வந்து சிறுத்துப்போனார். பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

அதனால் ஒரு நாள் தாள் முழுக்க அவர் முகத்தையே போட்டு, மீசையை மயிர் மயிராக வரைந்து கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்குது கண்ணு. தோட்டத்துல நிக்கறாப்பல ஒண்ணு போடு. சின்னதா இருந்தாலும் பரவால்ல.”

போட்டேன். மஞ்சள் பாத்திகளும் வரப்புகளும் ஓடிப்போய்ச் சேருகிற இடத்தில் அவரை நிறுத்தினேன். சித்தப்பாவிடமிருந்து நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த விதைப்புக்கு அப்பா ஊருக்குப் போய்விட்டார். அம்மாவே கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். அதன்பின் கடைசிவரை அவர் சனிக்கிழமை அப்பாவாகவே இருந்தார்.

இன்று அந்தத் தெருக்கோடியை ஓர் அடுக்குமாடிக் கட்டடம் மறைத்துக்கொண்டிருக்கிறது. நிலம் கைமாறிவிட்டது. அப்பாவும் போய்விட்டார். அந்தத் தோட்டத்துப் படம் மட்டும் அம்மாவின் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பீரோவைத் திறந்து, “இதா, இங்க நிக்கறாரு பாருங்க” என்று விரல் வைத்துக் காட்டுவாள். அவள் தொட்டுத் தொட்டுப் பென்சில் அழிந்து, வரப்புகள் எல்லாம் சேரும் இடத்தில் இப்போது வெறும் தாள்தான் இருக்கிறது. நான் திரும்ப வரையவில்லை; அம்மாவுக்கு அவர் தெரிகிறார்.