துப்பாக்கிக் கல்லுக்குள் முள் உருண்டை

பெரியாற்று அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில், கம்பத்தில் கூலியாட்களுக்கான ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு வேலை. காய்ச்சல்காரர்கள் ஓயாமல் வருவார்கள். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் தம் மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் எடுத்து வைத்துவிடுவார். பார்ப்பது அவர்; வரைவது நான். கன்னியர் மடத்தில் லேஸ் பின்னப் படித்த எனக்கு நுணுக்கமான கோடுகள் பழக்கம்.

சுருளிப்பட்டியில் சோளக்காட்டுக்குக் காவல் இருந்த என் அண்ணனிடம் பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறந்தால்தான் அது வெடிக்கும். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர், மழுங்கிய கல்லின் விளிம்பைத் தட்டிக் கூராக்கிக்கொண்டிருந்தார். மீன் செதில்போல ஒரு சில்லு தெறித்தது. சீமையிலிருந்து வரும் அந்தக் கல் ஒரு காலத்தில் கடலடியில் உண்டானது என்று என் வீட்டுக்காரர் தம்மிடமிருந்த புத்தகம் ஒன்றில் படித்திருந்தார். ஒளி ஊடுருவட்டும் என்று சில்லைக் கிராம்புத் தைலத்தில் நனைத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

வெகுநேரம் குனிந்து திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "இங்கன வந்து பாரு" என்றார்.

தேன்நிற வெளிச்சத்தில் ஒரு சின்ன உருண்டை மிதந்தது. உடம்பெல்லாம் முட்கள், ஒவ்வொரு முள்ளின் நுனியும் பூப்போல விரிந்திருந்தது. மேல்பக்கம் கத்தரித்து எடுத்ததுபோல் ஒரு துவாரம். நான் கண்ணை எடுத்தபோது வெளியே நெல்வயலில் காற்று அலையலையாகப் போய்க்கொண்டிருந்தது. பயிரெல்லாம் தண்ணீருக்கு அடியில் அசைவதாகத் தோன்றியது. நானோ அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"புத்தகத்துல இதே முள்ளு இருக்கு. ஓட்டைதான் இல்ல. இது புது இனம்." என்றார் அவர். அன்றே விவரம் எழுதத் தொடங்கினார்: உருண்டை உடல், உள்ளீடற்ற முட்கள், பிளந்த நுனி, மேலே கோணங்களுள்ள துவாரம்.

வரைந்துகொண்டே வந்த நான் துவாரத்தின் விளிம்பில் நின்றுவிட்டேன்.

"ஏங்க, இது பெறகு தெறந்ததா இருந்தா? உள்ள இருந்தது கூட்ட விட்டு வெளிய போயிருந்தா?"

"புத்தகத்துல அப்படிச் சொல்லலியே."

"அத எழுதுனவுக மூடுனதத்தான பாத்திருக்காக."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபமோ என்று பயந்தேன். இல்லை, அண்ணனிடம் போய் இன்னும் சில்லுகள் கேட்டார்.

மத்தியானங்கள் கரைந்தன. கடற்பஞ்சின் ஊசிகள், உடைந்த சிப்பிகள், வெறும் புகைமூட்டம். தைல வாசனையில் கண் சொருகும். விழித்தாலும் அந்த உருண்டையே எதிரில் மிதக்கும். கடைசியில் ஒரு சில்லில் அதே முட்களோடு மூடிய உருண்டை ஒன்று கிடைத்தது. துவாரம் வரவேண்டிய இடத்தில், அதே கோணங்களில், மெல்லிய கோடு ஓடியது. திறக்காத மூடி.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். 'புது இனம்' என்ற சொற்களை அடித்துவிட்டு, திறந்ததையும் மூடியதையும் ஒரே இனத்தின் கீழ் எழுதினார். முகம் வாடியிருந்தது. எனக்கோ சொல்லத் தெரியாத சந்தோஷம்.

அண்ணன் விடவில்லை. "என்ன மாப்ள, பேரு வைக்கப்போறேன்னீக?"

"நமக்கு முன்னாடியே வச்சிட்டாக, மச்சான்."

"சரி, உள்ள இருந்தது எங்கிட்டுப் போச்சு?"

விதையா, முட்டையா, எந்த உயிரின் கூடு என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. கடலுக்குள் போயிருக்கும் என்றார் இவர்.

பட்டணத்துப் பத்திரிகை ஒன்று அவர் எழுதி அனுப்பிய குறிப்பைக் கடைசிப் பக்கத்தில் போட்டது, என் படத்தோடு. அச்சில் முட்கள் தடித்துப் போயிருந்தன. இவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீ வரஞ்சது இப்படி இல்ல" என்று சிரித்தார்.