ஓட்ட ஆளில்லாத பஸ்

கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் ஐந்து பஸ்கள் வைத்திருந்த ஒரு சிறிய கம்பெனியில் பத்தொன்பது வருடங்கள் கிளார்க்காக இருந்தேன். காலையில் காப்பார் சாலைத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போய், மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான் எங்கள் தொழில். பெர்மிட் புதுப்பிப்பது, பஸ்களைப் பரிசோதனைக்கு அனுப்புவது எல்லாம் என் தலையில்.

தொற்றுக்காலம் முடிந்து தொழிற்சாலைகள் திறந்தபோது எங்கள் ஓட்டுநர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. ஒருவர் லோரி ஓட்டப் போனார், இன்னொருவர் சிங்கப்பூருக்கு. வெளிநாட்டு ஆட்களை ஓட்ட வைக்கச் சட்டம் இடம் தராது. இருப்பவரையே நாள் முழுக்க ஓட்ட வைக்கவும் கூடாது. அந்த விதி நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மூன்று பஸ்கள் பட்டறை ஓரமாக நின்றுகொண்டே இருந்தன. ஓடாத பஸ்ஸுக்குப் பெர்மிட் எதற்கு என்று விளக்கம் கேட்டுப் பெர்மிட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

ஒரு பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் முதலாளி. கொடுத்துவிட்டால் மறுபடி வாங்குவது எவ்வளவு சிரமம் என்று அந்த அலுவலகங்களுக்கு நடையாய் நடந்த எனக்குத்தான் தெரியும்.

"அண்ணே, நான் ஓட்டுறேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

அவர் சிரிக்கவில்லை. "வீட்ல கேட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வளைவில் பின்சக்கரம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள், மற்றதெல்லாம் பழகிவிடும் என்றார். பஸ் லைசென்ஸுக்கான முதல் தேர்வில் பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பைச் சாய்த்துவிட்டுத் தோற்றேன். இரண்டாவது தடவை தேறினேன்.

முதல் நாள் காலை, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் படியில் ஏறி என்னைப் பார்த்தாள். கீழே இறங்கிப் பஸ் நம்பரைச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஏறினாள். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நன்றாகத்தான் ஓட்டினேன்.

ஓட்டுவது கஷ்டமாக இல்லை. காத்திருப்பதுதான் கஷ்டம். தொழிற்சாலை வாசலைத் தாண்டி ஓட்டுநர்களை உள்ளே விடமாட்டார்கள். ஆண்கள் எங்காவது மரத்தடிக்குப் போய்விட்டு வந்தார்கள். நான் விடிந்ததிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகினேன். மூன்றாவது மாதம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து கிளினிக்கில் டாக்டரிடம் திட்டு வாங்கினேன். யாரிடமும் சொல்லக் கூச்சம். பேசாமல் பழைய மேசைக்கே போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பஸ் தொழிலின் பிரச்சினைகளைக் கேட்க அதிகாரிகள் கோலாலம்பூரில் ஒரு கூட்டம் வைத்தார்கள். முதலாளி என்னையும் அழைத்துப் போனார். டீசல், உதிரிபாகம், பெர்மிட் தாமதம் என்று ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ஓட்டுநர் பற்றாக்குறை என்று வந்ததும், பெண்கள் ஏன் இந்த வேலைக்கு வருவதில்லை என்று ஒரு பெண் அதிகாரி கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கழிப்பறை இல்லை என்று மலாயில் சொன்னேன். தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதையும் காய்ச்சலில் படுத்ததையும் சொன்னேன். அந்த அதிகாரி எந்தெந்த இடங்கள் என்று கேட்டு வரிசையாக எழுதிக்கொண்டார்.

மதியம் அங்கேயே பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். முதலாளி வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிண்ணே சொல்றது?"

மறுநாள் முதலாளி தானே தொழிற்சாலை மேனேஜரிடம் போனார். அந்த வாரமே காவலர் அறைக்குப் பின்னாலிருந்த கழிப்பறையின் சாவி ஓட்டுநர்களுக்குக் கிடைத்தது. வேறு இரண்டு தொழிற்சாலைகளும் சம்மதித்தன. கூட்டத்தில் எழுதிக்கொண்டது விதியாக வருமா என்று இன்னும் தெரியவில்லை. யோசனையில் இருப்பதாகக் கடிதம் மட்டும் வந்தது.

பெர்மிட் எங்களிடமே இருக்கிறது. போன வருடம் இன்னொரு பெண் ஓட்ட வந்தாள். பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள், என்னைவிட லாவகமாகத் திருப்புவாள். ஐந்தாவது பஸ்ஸுக்குத்தான் இன்னும் ஆள் தேடுகிறோம்.

மாலையில் காப்பார் சாலையில் நெரிசல் இருக்கும். மழையென்றால் இன்னும் மெதுவாக நகரும். வேலை முடிந்த களைப்பில் பின்னால் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். பிரேக்கை மெல்ல மிதிப்பேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.