பள்ளத்தைக் காட்டாத கை

நாற்பத்தைந்து வயதில் மதுரையில் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்தேன். முதல் நாள் காலை, திருப்பரங்குன்றத்திலிருந்து கப்பலூர் வரை போவதாகத் திட்டம். குழுவை நடத்தும் செல்வி என்னைவிடப் பத்து வயது இளையவர். புறப்படும் முன் ஒரு விதி சொன்னார். "முன்னாடி போறவங்க பள்ளத்தப் பாத்தா, கையக் கீழ நீட்டிக் காட்டணும். பின்னாடி வர்றவங்களுக்கு ரோடு தெரியாது."

நான் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே சைக்கிள் மிதிப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு? கொஞ்ச தூரத்திலேயே எல்லோரையும் முந்திக்கொண்டு முன்னால் போனேன். பெரிய பள்ளம் ஒன்று வந்தது. கை காட்டாமல், ஹேண்டிலைச் சட்டென்று ஒடித்துத் தப்பித்தேன். எனக்குப் பின்னால் ஒட்டி வந்த செல்வி அதில் விழுந்தார்.

அவர் முழங்கையில் தோலுரிந்து ரத்தம் வழிந்தது. "மன்னிச்சிருங்க. இனிமே நான் வரல" என்றேன். உண்மையில் அங்கிருந்து ஓடிவிடத்தான் நினைத்தேன்.

காயத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் வர மாட்டீக? திரும்பிப் போறப்பவும் நீங்கதான் முன்னாடி போகணும்ணே. நான் உங்க பின்னாடியே வாரேன்."

திரும்பும் வழி முழுக்கச் சின்னக் குழிக்கும் கை நீட்டினேன். அவர் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

இப்போது கடைக்கு நடந்து போகும்போதும் குழியைக் கண்டால் என் கை தானாகக் கீழே நீள்கிறது. "யாருக்குக் காட்டுறீக?" என்று மனைவி சிரிக்கிறாள். நான் கையை மடக்குவதில்லை. பின்னால் யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள்.