பத்தொன்பதாவது ஆள்

டார்பின் ஊருக்கு ஹெக் பாஸ்கோவைப் பிடிக்காது. அவருக்கும் ஊரைப் பிடிக்காது. இரு தரப்புக்கும் ஒற்றுமை இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

முன்பு அப்படி இல்லை. கோதுமை மூட்டை சுமந்தவரின் மகன் ஹெக். பள்ளியை விட்ட வருஷமே, அணிக்குப் பதினெட்டுப் பேராக நான்கு கால்பகுதி ஆடும் ஊர்க் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரராக இறங்கினார். ஊருக்காக மூக்கை உடைத்துக்கொண்டார், முட்டி தேய்ந்தது, அணித்தலைவரும் ஆனார். சனிக்கிழமை ஆட்டத்துக்கான பெயர்களை வியாழன் மாலை தன் கடைக் கண்ணாடியில் ஒட்டுவது கசாப்புக்கடை வில்ஃப் நாகலின் வேலை. கிளப் கமிட்டித் தலைவனும் அவனே. ஒரு வியாழன் ஹெக் போய் மேலிருந்து கீழ்வரை படித்தார். அவர் பெயர் இல்லை. அந்த இடத்தில் வில்ஃபின் தம்பி ராய் பெயர் இருந்தது. உள்ளே வில்ஃப் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் துப்பில்லை. நன்றிகெட்ட ஜென்மங்கள்.

அடுத்த வருஷம் ஹெக் பக்கத்து ஊரான விர்ரினுக்குப் பயிற்சியாளராகப் போனார். குடியிருப்பு மட்டும் டார்பினிலேயே. வீம்பு. ஊர் சும்மா விடுமா? அவரைக் கண்டால் தெருவில் காறித் துப்பினார்கள். அவர் மனைவி எட்னாவுக்கு வில்ஃப் கொழுப்பும் ஜவ்வுமாகப் பார்த்து நிறுத்துப் போட்டான். ஹெக் கறுவிக்கொண்டே இருந்தார். இறுதி ஆட்டத்தில் டார்பினை மண் கவ்வ வைத்து, அப்போது வில்ஃபின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். வேறு ஆசையே இல்லை அவருக்கு.

அந்த நாளும் வந்தது. கடைசிக் கால்பகுதிக்கு முந்தைய இடைவேளையில் விர்ரின் நன்றாக முன்னால் இருந்தது. பயிற்சியாளர் பேசுவதைக் கேட்க ஜனங்கள் வழக்கம்போல மைதானத்துக்குள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வில்ஃபும் வந்தான். மாற்று ஆளாகத் தன் பெயரையும் கொடுத்திருந்த ஹெக்கின் கோட்டுக்குள் ஜெர்சி தெரிந்தது.

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு இதுவேறயா? இறங்கு ஹெக், இறங்கு. எங்களுக்குத்தான் நல்லது."

ஹெக்கின் காது சிவந்தது.

ஆட்டம் தொடங்கியதும் ராய் விர்ரின்காரன் ஒருவனை முழங்கையால் இடித்துச் சாய்த்தான். ஹெக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, விழுந்தவனுக்குப் பதிலாக உள்ளே ஓடினார். போகிறவன் வெளியேறிய பிறகுதான் மாற்று ஆள் இறங்க வேண்டும். அவருக்குத் தெரியாததா? ஆனால் அப்போது அவர் கண்ணில் ராயைத் தவிர எதுவும் படவில்லை. விழுந்தவனோ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டான்.

ராய் விரல் விட்டு எண்ணினான். பிறகு நடுவரிடம் போய்த் தலை எண்ணச் சொன்னான்.

ஆட்டம் நின்றது. பதினெட்டுக்கு மேல் ஒரு தலை இருந்தாலும் அந்த அணி அதுவரை எடுத்த புள்ளிகள் அத்தனையும் போய்விடும். வரிசையாக நின்ற விர்ரின்காரர்களை நடுவர் தோள் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கடைசித் தோள் ஹெக்குடையது. பத்தொன்பது.

பலகையில் விர்ரினின் எண்களைக் கழற்றினார்கள். மைதானத்தைச் சுற்றி நின்ற டார்பின் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. விர்ரின்காரர்கள் ஹெக்கின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வில்ஃப்தான் கோட்டைப் பொறுக்கிவந்து கொடுத்தான்.

"வியாழக்கிழம கடைப்பக்கம் வா."

அவர் போகவில்லை. எட்னாதான் கறி வாங்கப் போனாள். கண்ணாடியில் கோப்பை வென்ற டார்பின் அணியின் பதினெட்டுப் பெயர்கள் ஒட்டியிருந்தன. அதற்குக் கீழே, பத்தொன்பதாவதாக, ஹெக் பாஸ்கோ.