பத்து ஆல்பங்களும் ஒரு வலது காதும்

ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும் ஒரு ஆல்பம். வேலூர் வரைக்கும் என்றால் ஒன்றரை. அரக்கோணம் போய் ரயில் பிடிக்கிற நாளில் மூன்றுகூட முடியும். நான் ஆல்பங்களை இப்படித்தான் அளந்து வைத்திருக்கிறேன். உட்கார்ந்து பாட்டுக் கேட்க எனக்கென்று அறை இருந்ததில்லை. வாடகை அறை கிடைத்த காலத்தில் அதில் ஆறு பேர் இருந்தோம், ஆறு போனில் ஆறு பாட்டு ஓடும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் யாரும் தொந்தரவு செய்யாமல் கேட்க முடியும்.

கலவைக்குப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். பிறகு திருப்பூரில் பேக்கரி, பெங்களூரில் டைல்ஸ் பாலிஷ், இரண்டு வருடம் லாரி கிளீனர். டைல்ஸ் வேலையில் நுரையீரலில் தூசி சேர்ந்தது. லாரி வேலையில் ஒரு விரல் கொஞ்சம் குட்டையானது. எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. ஆனால் டிசம்பர் பிறந்தால் ஆம்பூருக்கு வந்துவிடுவேன். அங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் டிரம்மில் ஏற்றி இறக்க எப்போதும் ஆள் தேவைப்படும்.

டிரம் என்றால் எங்களுக்கு ஒரு சின்ன வீடு உயரத்துக்கு நிற்கும் மரப் பீப்பாய். உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை உதறி, தண்ணீரும் மருந்தும் சேர்த்து உள்ளே போட்டு மூடிச் சுழலவிடுவோம். நான் வந்த புதிதில், டீ நேரத்தில், ஒரு பாட்டைப் பற்றிப் பேசும்போது "டிரம்ஸ் சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "எது, மூணாம் நம்பரா? அதுல பேரிங் போயிட்டு ஒரு வாரமா கத்துது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் "எந்தப் பாட்டு?" என்று கேட்டவன் ஒருவன்தான். அப்படித்தான் அவன் எனக்கு தோஸ்த் ஆனான்.

அவன் ஷேவிங் மெஷின் ஆபரேட்டர். தோலைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிற மெஷின் அது. தோல் கத்தியில் படும்போது எழுகிற சத்தத்தைக் கேட்டால் புது ஆட்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவனுக்குச் சொந்த ஊர் குடியாத்தம். விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்து, அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவன். அந்தத் தெருவில் எல்லோருமே உரக்கத்தான் பேசுவார்கள். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அவன் பஸ்ஸில் கத்திப் பேசினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். தறிக்காரன், அப்படித்தான் பேசுவான் என்று விட்டுவிட்டேன்.

வருடத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் பட்டியல் எழுதுவோம். ஆளுக்கு ஐந்து, மொத்தம் பத்து ஆல்பம். அந்த வருடம் வந்ததாக இருக்க வேண்டும், முழுதாகக் கேட்டிருக்க வேண்டும், எழுதி முடிக்கிற வரைக்கும் அடுத்தவனிடம் காட்டக் கூடாது, காட்டிய பிறகு பேசி மாற்றிக்கொள்ளலாம். இதை நாங்கள் எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அவன் மனைவி முதல் வருடம் கேட்டாள். ஏழாவது வருடம், இன்னும் எழுதவில்லையா என்று அவளே நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஆம்பூரில் இருக்கிற நாள்களில் ஒரே இயர்போனில் இரண்டு பேரும் கேட்போம். அவனுக்கு வலது, எனக்கு இடது. அதில் தகராறும் வரும். வயலின் நன்றாக இருக்கிறது என்பேன், வயலினே இல்லை என்பான். செல்போன் கடைக்காரர் ஒருவர் எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு, ஸ்டீரியோவில் ஒரு வாத்தியம் ஒரு பக்கமாக மட்டும்கூட வரும் என்று விளக்கினார். அன்றிலிருந்து நிம்மதி. வயலின் என் பக்கம், மத்தளம் அவன் பக்கம் என்று பங்கு பிரித்துக்கொண்டோம்.

போன டிசம்பரில் என் ஐந்தும் சீக்கிரமே முடிவாகிவிட்டன. மூன்றே நாள் ஓடிய ஒரு படம், அதன் பாட்டுகளை மட்டும் நான் விடவில்லை. சித்தூர்ப் பக்கத்து லாரி டிரைவர் அனுப்பிய தெலுங்கு நாட்டுப்பாடல்கள். பாதிதான் புரிந்தது, மீதிப் பாதிக்கு நானே அர்த்தம் போட்டுக்கொண்டேன். பிரியாணிக் கடை பாய் காலையில் வெங்காயம் உரிக்கும்போது வைக்கிற கவ்வாலி ஆல்பம். புளியந்தோப்பிலிருந்து யாரோ போனிலேயே பதிவு செய்த கானா. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் இடத்தில், அதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு பெண் பாடிய எட்டுப் பாட்டு. வாத்தியம் என்று அதிகம் இல்லை. மெல்லிய சலங்கை மணி, எப்போதாவது ஒரு குழல், அந்தக் குரல். அந்த ஆல்பத்தை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. ஒரு முறை பள்ளிகொண்டாவில் இறங்க வேண்டியவன் வேலூரில் போய் இறங்கினேன்.

அவன் பட்டியலிலும் அது இருக்கும் என்று நிச்சயமாக நம்பினேன். ஒரு மாதத்துக்கு முன்பே அனுப்பியிருந்தேன். நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஐந்திலும் இல்லை. முதலிடத்தில் ஒரு தவில்காரரும் ஒரு பறைக்காரரும் சேர்ந்து போட்ட ஆல்பம். நடுவில் ஒரு கனத்த ஆண் குரல், பாடுகிறாரா பேசுகிறாரா என்று தெரியாது.

"இது ஆல்பமா, கட்டடம் இடிக்கிற சத்தமா?" என்றேன்.

"நீ அனுப்பிச்சதுல மட்டும் இன்னா இருக்குது? அந்தம்மா எங்கியோ தூரத்துல நின்னு பேசிக்கினு இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. வீடு அமைதியாக இருந்தது. அவன் மனைவி வாசல் பக்கம் உட்கார்ந்து லுங்கிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போனஸில் அவள் வாங்கிய சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதில் அந்த ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட அரை நிமிடம் சலங்கை மட்டும்தான் வரும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான்போல.

"நெட்டு ஸ்லோவா? இன்னும் ஆரம்பிக்கலையே."

விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் மனைவி மடிப்பதை நிறுத்தித் திரும்பினாள். "இன்னாங்க, ஆரம்பிச்சி எவ்ளோ நேரம் ஆவுது" என்றாள்.

அவன் அவள் வாயைப் பார்த்தான், பிறகு என் வாயைப் பார்த்தான். ஏழு வருடமாக இப்படித்தான் பார்த்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் எழுந்து வந்து, இன்னொரு தரம் முதலிலிருந்து போடச் சொன்னாள். சத்தம் கேட்டதும் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். சலங்கை வந்தது, குழல் வந்தது. குரல் வந்த பிறகுதான் அவன் கை மேலே போனது. அவள் குனிந்து ஸ்பீக்கரை அணைத்தாள்.

ஸ்பீக்கர் மட்டம் என்றான். சளி பிடித்திருக்கிறது, மார்கழிப் பனி என்றான்.  அவள் ஒன்று மட்டும் கேட்டாள். "மூணு வருஷமா கேம்ப் அன்னிக்கு லீவ் போட்டீங்களே, அது இதுக்குத்தானா?"

ஜனவரியில் எங்கள் தொழிற்சாலையில் மருத்துவ முகாம் நடக்கும். தோல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் அதை முடித்தாக வேண்டும். காது பரிசோதனையும் உண்டு. தேறாதவரை மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அவன் மூன்று முகாமுக்கும் வரவில்லை. ஒரு முறை மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றான், ஒரு முறை காதுகுத்து என்றான். காது டெஸ்ட்டுக்குக் காதுகுத்தைக் காரணம் சொன்னவன் நீ ஒருத்தன்தான் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

மறுநாள் டீ நேரத்தில் அவனிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. இந்த முறை லீவு போட்டால் மேஸ்திரிக்குச் சந்தேகம் வரும். முகாமுக்குப் போவான். நான் அவனுக்கு எதிரில் நிற்க வேண்டும்.

"சத்தம் வந்தா நீ மூக்க சொறி. நான் பட்டன அமுக்கறேன்."

"சத்தம் உன் காதுல மாட்டுன மெஷின்லதான்டா வரும். எனக்கு எப்பிடிக் கேக்கும்?"

"அட, ஆமால்ல."

இரண்டு பேரும் டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு அவன் மெஷின் இருக்கிற பக்கம் பார்த்தபடி, "ஹெல்பரா வந்து, அந்த மெஷின்ல கை வைக்க உடறதுக்கே ஒம்போது வருஷம் ஆச்சிடா" என்றான்.  ஒன்பது வருடம் ஒரே கதவு வழியாகப் போய் வந்த அனுபவமே எனக்குக் கிடையாது.

அந்த வாரமே அவன் மனைவி அவனை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நானும் போனேன். கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் பட்டனோடு உட்கார்ந்திருந்தான். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெகு நேரம் அவன் விரல் அசையவே இல்லை. டாக்டர் காட்டிய காகிதத்தில் ஒரு கோடு சமமாகப் போய்ச் சட்டென்று சரிந்து இறங்கியது. மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன, வலதில் ஜாஸ்தி என்றார் டாக்டர். தறியிலேயே தொடங்கியிருக்கலாம், மெஷினில் முற்றியிருக்கிறது. போனது திரும்பாது. இரைச்சலை விட்டு விலகினால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பேச்சு புரிவதற்கு வேண்டுமானால் காதுக்கருவி வைக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் அவன் ரொம்ப நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கேம்ப்பில் அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடப் போவதாகச் சொன்னான். அவள் சரி என்றாள். அவர்கள் குடியாத்தம் பஸ் ஏறினார்கள், நான் ஆம்பூர் பஸ் ஏறினேன்.

போனில் பாட்டின் கீச்சுச் சத்தம், கனத்த சத்தம் என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஒரு இடம் உண்டு. அதில் கீச்சுச் சத்தங்களுக்கான கோடுகளை எல்லாம் அடியோடு கீழே இழுத்துவிட்டேன். அந்தக் காகிதத்தில் இருந்த மாதிரியே ஒரு சரிவு வந்தது. முதலில் என் சலங்கை ஆல்பத்தைப் போட்டேன். எங்கேயோ தூரத்தில் நின்று ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு அவன் முதலிடம் கொடுத்த ஆல்பத்தைப் போட்டேன்.

முன்பு கேட்டபோது எனக்கு எரிச்சலூட்டிய ஜால்ராச் சத்தங்கள் எல்லாம் போய், அடியில் இருந்தது மேலே வந்தது. தவிலின் கனத்த பக்கமும் பறையும் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று கேட்கும், மற்றது யோசித்து, கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்லும். அந்தக் கனத்த குரல் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணியது. மூன்றாவது பாட்டில் பறை கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டது, தவில் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் அவன் ஆபீசுக்குள் போனான். நான் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கத்தினாராம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று. மேனேஜர் கத்தவில்லை. செலக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார். முடிந்த தோலை வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, தரம் பிரிக்கிற இடம் அது. சத்தம் கிடையாது. ஆனால் அங்கே அவன் மறுபடியும் ஹெல்பர். அவனைவிட வயதில் சின்னவளான ஒரு பெண்ணுக்குக் கீழே வேலை. ஆடிட் நாள்களில் மட்டும் வெளியே வருகிற காதுமூடிப் பெட்டியைத் திறந்து, மெஷினுக்கு வரப்போகிறவனுக்குத் தினமும் ஒன்று கொடுக்கும்படி அவன் கேட்டிருக்கிறான். பார்க்கலாம் என்று சொன்னார்களாம்.

பட்டியல் பேசி முடிக்காமல் அப்படியே நின்றிருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள், வேலை முடிந்து, கேட்டுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் நோட்டைப் பிரித்தோம். கவ்வாலியை அடித்துவிட்டு அந்த இடத்தில் அவனுடைய தவில் ஆல்பத்தை எழுதினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பாவம்னு போடறியா?"

"மூணாவது பாட்டுல பறை கோச்சிக்கினு போவுதே, அதுக்குப் போடறேன்."

அவன் முகம் மாறியது. அதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தான். பிறகு பழைய பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தான். ஏழு வருடப் பட்டியல். தான் வேண்டாம் என்று சொல்லி நான் மட்டும் எழுதியவற்றை விரலால் தொட்டுத் தொட்டு, இதில் என்ன இருந்தது, இதில் என்ன இருந்தது என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்தவர்கள் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார்கள். கடைசியில் அந்த வருடப் பக்கத்துக்கு வந்து, முதல் வரியில் விரலை வைத்தான். சலங்கை என்றேன். அது தெரியும், எப்படி இருக்கும் என்று சொல் என்றான்.

யோசித்தேன். "பச்சைத் தோல உதறுவோமே, கல்லுப்பு கொட்டும், சிமென்ட் தரைமேல. அது மாதிரி."

அவன் டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

"அதுக்குச் சத்தம் இருக்குதா?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் திரும்பி நின்றது, தைக்கிற பெண்கள் ஏறினார்கள்.  அது கிளம்பிப் போன பிறகு அவன் நோட்டை என் பக்கம் தள்ளினான்.

"சரி. உன் லிஸ்ட்டுல ஃபர்ஸ்ட்டே இருக்கட்டும். எனக்கும் சேத்து எழுதிடாத."